செவ்வாலனுக்கு ஜூலை தாண்டாது

இராவிலங்குக் கூடம்,
கார்விக் மிருகக்காட்சிசாலை
6 ஜூன் 1978

நெவிலுக்கு,

இரண்டு வருஷமாக நான் உனக்கு எழுதவில்லை. இப்போதும் ஆசைப்பட்டு எழுதவில்லை. உன் பிரிவு உபசாரத் தேநீரில் அத்தனை பேர் முன்னால், "இங்க மிருகத்த யாரும் பாக்கறதில்ல, கண்ணாடியில அவங்கவங்க மூஞ்சியத்தான் பாத்துட்டுப் போறாங்க. அதுக்கு ஒரு காவல்காரி, நம்ம ஐல்சா" என்றாயே, அதை நான் மறக்கவில்லை. ஆனால் யார்லின் காட்டோரம் உன் பண்ணையில் ஒரு பெண் செவ்வாலன் இருக்கிறது. என்னிடம் ஒரு ஆண் இருக்கிறது. வேறு எந்தக் கூட்டிலும் இந்த இனம் கிடையாது. அதனால் என் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியேதான். காலை ஒன்பதுக்கு விளக்கை அணைத்துக் கூடத்தை ராத்திரியாக்குகிறோம். சனங்கள் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார்கள். நீளக்காதுப் பில்பி மண்ணைத் தோண்டுகிறது, பறக்கும் போசம் கிளைக்குக் கிளை தாவுகிறது, தவளைவாயன் பறவை பட்டுப்போன மரக்கட்டை என்று எல்லோரையும் நம்பவைக்கிறது. இரவு ஒன்பதுக்கு விளக்கைப் போட்டு அதுகளுக்குப் பகலாக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறேன். செவ்வாலன் கூட்டின் முன் நின்று, "அட எலிடி! எலியப் பாக்கவா டிக்கெட் வாங்கினோம்?" என்று ஒருத்தி நேற்றும் கேட்டாள். வயிற்றில் பை வைத்துக் குட்டி வளர்க்கும் கங்காருவின் சொந்தம் இது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

புது இயக்குநர் பெங்கெல்லிக்கும் அதே பாடம் எடுத்தேன். ஆணுக்கு ஒரே ஒரு குளிர்காலம்தான், ஜூலையில் கூடும், கூடியபின் சில நாளில் உடம்பு உதிர்ந்து செத்துப்போகும், கூடாமல் போனால் கூட்டில் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் உயிரோடு இருக்கும், ஆனால் அப்புறம் அதனால் குட்டி பிறக்காது என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "கல்யாணம் முடிஞ்சதும் ஆள் காலியா? என் பொண்டாட்டிகிட்ட சொல்லாதீங்க, யோசனை வந்துடும்" என்றார். சிரித்து முடித்தபின் சொன்னதுதான் முக்கியம். இந்தக் குளிர்காலத்தில் குட்டி பிறக்காவிட்டால் இனப்பெருக்கத் திட்டத்துக்கு முழுக்கு.

உன் பெண்ணுக்கு இது இரண்டாவது குளிர்காலம். அவளுக்கும் இதை விட்டால் கிடையாது. இங்குள்ள ஆண் (பதிவேட்டில் எண் 14) 13ஆம் தேதி விமானத்தில் வருகிறான். தீனி விவரம் பெட்டிக்குள் இருக்கும். வந்து சேர்ந்ததும் எழுது. ஒரு தொலைபேசி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாயே, அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ஐல்சா


யார்லின் வழி
20 ஜூன் 1978

ஐல்சாவுக்கு,

வந்து சேர்ந்தான். அவனுக்கு எண் வைத்துக் கூப்பிட எனக்கு வராது. மாப்பிள்ளை என்கிறேன். இங்கே இருப்பவள் பெயர் கிழவி.

உன் மாப்பிள்ளைக்கு மண்டை சரியில்லை. விடிந்ததும் பொந்தைவிட்டு வெளியே வந்து, சுள்ளென்று வெயில் அடிக்கும்போது கம்பி வலையில் மேலும் கீழும் ஓடுகிறான். மாலையில் நான் ஆட்டுக்கறி வாட்டுகிற நேரத்துக்குப் போய் அடைந்துகொள்கிறான். பயணக் களைப்பு, நாலு நாளில் சரியாகும் என்று விட்டேன். ஆறு நாளாகிறது. அப்படியே இருக்கிறான்.

பக்கத்துப் பண்ணைக் கிளாரி வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்துவிட்டு, "யப்பா நெவில், ராத்திரி மிருகம்னு சொன்ன? இது என்னடா, பேங்குக்குப் போற ஆள் மாதிரி ஒம்பது மணிக்குக் கிளம்புது?" என்றான். எனக்கு மானம் போயிற்று.

கண்ணாடிக்குள் பிறந்து, கண்ணாடிக்குள் வளர்ந்து, நாள் முழுக்கப் பிள்ளைகள் விரலால் தட்டத் தட்ட வாழ்ந்த மிருகம் வேறு எப்படி இருக்கும்? நான் அன்றைக்குத் தேநீர் விருந்தில் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

நெவில்


கார்விக்
25 ஜூன் 1978

நெவிலுக்கு,

ஆறு நாளில் பைத்தியம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டாயே, நீ வைத்தியனாகாமல் போனது ஊர் செய்த புண்ணியம்.

அவன் இங்கிருந்தபோது ஒழுங்காகத்தான் இருந்தான். உன் கூட்டில் பொந்து எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? குளிர்காற்று நேராக அடிக்கிறதா? கிழவி அவனைச் சேர்த்துக்கொள்கிறாளா, விரட்டுகிறாளா? அதைப் பற்றி ஒரு வரி எழுதினாயா? ஆட்டுக்கறியைப் பற்றி எழுதுகிறாய், கிளாரி பேசியதை எழுதுகிறாய், எழுத வேண்டியதை மட்டும் எழுதமாட்டாய். ஆறு வருஷம் உன்னோடு வேலை பார்த்தேன், அப்போதும் நீ இப்படித்தான்.

கொஞ்சம் பொறு. பழகிவிடும். இரண்டையும் பிரிக்காதே, அது மட்டும் செய்யாதே. ஜூலை பிறக்க ஐந்து நாள்தான் இருக்கிறது.

ஐல்சா


யார்லின் வழி
30 ஜூன் 1978

ஐல்சாவுக்கு,

பிரித்துவிட்டேன். உன் கடிதம் இன்றைய தபால் வண்டியில்தான் வந்தது, நான் செவ்வாய்க்கிழமையே பிரித்தாயிற்று.

செவ்வாய் மத்தியானம் மாப்பிள்ளை கிழவியின் பொந்துக்குள் நுழைந்தான். அவள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். பாய்ந்து அவன் காதைக் கடித்துக் கிழித்துவிட்டாள். இரண்டு பேரையும் இழுத்துப் பிரிப்பதற்குள் என் கட்டைவிரலிலும் ஒரு கடி. பிறகு நான் ஒரு வேலை செய்தேன். ஒரு நாள் முழுக்க, ராத்திரியும் சேர்த்து, கூட்டுப்பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். அவன் எழும்போது அவள் படுக்கிறாள். அவள் எழும்போது அவன் படுக்கிறான். ஒரே கூட்டில் எத்தனை நாள் வைத்தாலும் இவர்கள் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளப் போவதில்லை.

இப்போது நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். கூடத்திலிருந்து ஒரு மிருகத்தை வெளியே அனுப்பினால் பதினைந்து நாள் பின்னறையில் வைத்து, தினம் ஒரு மணி நேரமாக விளக்கைத் தள்ளி, ஊர்ப் பகலுக்கும் ஊர் ராத்திரிக்கும் திருப்பிவிட்டுத்தான் அனுப்புவோம். அந்த வழக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீ. ஒரு சுண்டெலியைக்கூடத் திருப்பாமல் அனுப்ப மாட்டாய். அதனால்தான் எனக்கு இத்தனை நாள் அந்தச் சந்தேகமே வரவில்லை.

திருப்பினாயா இல்லையா?

நெவில்


கார்விக்
5 ஜூலை 1978

நெவிலுக்கு,

நேற்று அனுப்பிய தந்தி கிடைத்திருக்கும். "திருப்பவில்லை" என்று ஒரே சொல். தபாலாபீஸ் பெண், "இவ்ளோதானா மேடம்? இன்னும் ஒம்பது வார்த்தை போடலாம், காசு ஒண்ணுதான்" என்றாள். அதையே அனுப்பச் சொன்னேன்.

ராணி பிறந்தநாள் விடுமுறைக்கு, ஜூன் 10 முதல் மூன்று நாளும் கூட்டம் அம்மும் என்று உனக்குத் தெரியும். பின்னறைக்குக் கொண்டுபோக மே கடைசியிலேயே பெட்டியைத் தயாராக வைத்தேன். பெங்கெல்லி வந்து நின்றார். "கூட்டைக் காலியா வெச்சா சனங்க என்னத்தைப் பாக்கறது? புதுசா போஸ்டர் ஒட்டியிருக்கேன், செவ்வாலன் படம்தான் போட்டிருக்கேன். லீவு முடியட்டும், அப்புறம் கொண்டுபோங்க" என்றார். முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திங்கள் சாயங்காலம் கடைசிக் குடும்பம் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. மறுநாள் காலை அவனை நேராகப் பெட்டியில் போட்டு விமானத்துக்கு அனுப்பினேன்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால், "பார், கண்ணாடிக்காக அவனைப் பலிகொடுத்தாய்" என்று நீ சொல்வாய். அதைக் கேட்கத் தெம்பில்லை. போனதும் தானாகத் திரும்பிக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, நெவில். இருந்தும் பொந்து எந்தப் பக்கம் பார்க்கிறது, காற்று எப்படி அடிக்கிறது என்று உன்மேல் பாய்ந்து ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு வாரத்தை நான்தான் நாசமாக்கினேன். நீ இல்லை.

இப்போது பதினைந்து நாள் வைத்து அவனைத் திருப்பினால் ஜூலை இருபது ஆகிவிடும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. திட்டவேண்டுமென்றால் திட்டு, ஆனால் ஏதாவது செய்.

ஐல்சா


யார்லின் வழி
11 ஜூலை 1978

ஐல்சாவுக்கு,

திட்டு எழுதி இரண்டு பக்கம் வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: உன்னை மாதிரி ஒரு புத்திசாலி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ததை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. ரோமம் கத்தரிக்க வரும் தற்குறிகள்கூட ஆட்டைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார்கள்.

தந்தி வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே வேலை ஆரம்பித்தேன். அவனை முழுக்கத் திருப்ப நாள் இல்லை. கிழவியை முழுக்கத் திருப்பவும் நாள் இல்லை. அதனால் இரண்டு பேரையும் பாதிப் பாதி நகர்த்துகிறேன். ரோமக் கொட்டகைக்குள் நடுவில் தகரம் வைத்து மறித்துவிட்டேன். சன்னலெல்லாம் கோதுமைச் சாக்கு. கிழவி பக்கம் விளக்கைப் போட்டு, பொழுது சாய்ந்தபிறகும் பகல் மாதிரி வைத்துத் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக நீட்டுகிறேன். மாப்பிள்ளை பக்கம் தினம் ஒரு மணி நேரம் முன்னதாக இருட்டாக்குகிறேன். என் கணக்குப்படி வரும் வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் நள்ளிரவு முதல் மறுநாள் மத்தியானம் வரை ராத்திரி. அன்றைக்குத் தகரத்தை எடுப்பேன்.

இதனால் நான் தூங்குவதே கிடையாது. ஒரு விளக்கை ஏற்றப் போகவேண்டும், ஒரு விளக்கை அணைக்கப் போகவேண்டும், நடுவில் ஜெனரேட்டர் நின்றுபோகும். நேற்றுக் காலை பத்து மணிக்குக் கிளாரி வந்தான். கொட்டகைக்குள் இருட்டில் நான் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். "என்னடா, திருட்டுச் சாராயம் கிராயம் காச்சுறியா?" என்றான். "ரெண்டு எலிக்கு முதலிரவு ஏற்பாடு" என்றேன். "நீ டவுனுக்கு ஒரு நடை போய் டாக்டரைப் பாரு நெவில். நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துவிட்டான்.

இது பலிக்குமா என்று தெரியாது. பலிக்காவிட்டால் இரண்டு பேர்மேலும் தப்பு என்று பங்கு போடவருவாய். வராதே. தப்பு உன்னுடையது.

நெவில்


கார்விக்
18 ஜூலை 1978

நெவிலுக்கு,

தப்பு என்னுடையதுதான். பங்குக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை தகரத்தை எடுத்தாயா? சேர்ந்தார்களா? கிழவி கடித்தாளா? இந்நேரம் நடந்திருந்தால் அவனுக்கு அடையாளம் தெரியும். முதலில் இடுப்புப் பக்கம் முடி கொட்டும், அப்புறம் சாப்பாடு இறங்காது.

ஒவ்வொரு தபாலுக்கும் வாசலில் போய் நிற்கிறேன். அவன் செத்துவிட்டான் என்று நீ எழுதமாட்டாயா என்று காத்திருக்கிறேன். என் கையால் புழு ஊட்டி வளர்த்தவன், நெவில். கண் திறக்குமுன் அவனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவன் நன்றாக இருக்கிறான் என்று மட்டும் எழுதிவிடாதே என்று வேண்டிக்கொள்கிறேன். என்ன பிழைப்பு இது!

ஐல்சா


கார்விக்
9 ஆகஸ்ட் 1978

நெவிலுக்கு,

நாலு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு தந்தி கொடுத்தேன், அதற்கும் பதில் இல்லை. கோபமாயிருந்தால் கோபம் என்று எழுது. கையில் பேனா இருக்கிறது, தபால் வண்டி வாரம் இரண்டு தடவை வாசலுக்கே வருகிறது, உனக்கு என்ன கேடு?

பெங்கெல்லி முந்தாநாள் கூப்பிட்டார். "என்னம்மா, மாப்பிள்ளை இன்னும் சாகலையா? சாகலைன்னா திருப்பி வரவழைச்சிடுங்க. பள்ளிக்கூட லீவுக்கு வெச்சுக்கலாம். குட்டி போடாட்டிப் போவுது, ரெண்டு வருஷம் நிம்மதியா கண்ணாடிக்குள்ள இருப்பானில்ல? ஒரு செவ்வாலனாவது இல்லாட்டி இந்த இருட்டுக் கூடத்தை வெச்சு நான் என்ன பண்றது? மூடிட்டுப் பென்குவின் விட்டாலும் நாலு பேர் வருவாங்க" என்றார். நான் வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

அவன் உயிரோடு கொழுகொழு என்று இருக்கிறான், எனக்குச் சொல்ல உனக்கு மனசு வரவில்லை, அதுதானே? சொல்லிவிடு. பெட்டியில் போட்டு அனுப்பிவிடு. காத்திருந்து காத்திருந்து எனக்கு எதன்மேலும் எரிந்து எரிந்து விழத்தான் வருகிறது. இன்று காலை தவளைவாயனிடம் கத்தினேன். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

ஐல்சா


யார்லின் வழி
22 ஆகஸ்ட் 1978

ஐல்சாவுக்கு,

மாப்பிள்ளை ஜூலை 28ஆம் தேதி காலையில் இறந்துபோனான்.

தகரத்தை எடுத்த முதல் இரண்டு நாள் கிழவி விரட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது நாள் பொந்துக்குள் போனவன் மறுநாள் வரை வெளியே வரவில்லை. உள்ளே சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டான், ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் முடி கொட்ட ஆரம்பித்தது. நாலே நாள். கடைசியில் மரத்தில் ஏற முடியாமல் தரையில் உட்கார்ந்திருந்தான். நான் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். கடிக்கக்கூட முயற்சி செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டான்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. குளிர் தாங்காமலும் செத்திருக்கலாம், கிழிந்த காது சீழ் பிடித்தும் செத்திருக்கலாம். அவன் எதற்காகச் செத்தான் என்று எனக்கே நிச்சயமில்லாதபோது உனக்கு என்ன எழுதுவது? வீணாகச் செத்திருந்தால் அதை உன்னிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. தெரியட்டும் என்று காத்திருந்தேன். நீ ஒன்றை மறைத்தாய் என்று உன்னை எவ்வளவு பேசினேன். நானும் அதையேதான் செய்தேன்.

நேற்று கிழவியைத் துணிப்பையில் பிடித்து வயிற்றைப் பார்த்தேன். எட்டுக் காம்பு. எட்டிலும் குட்டி. ஒவ்வொன்றும் ஒரு அரிசி அளவு. மூன்று தடவை எண்ணினேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது தடவையும் எண்ணினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவன் என் கையில் அடங்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஐல்சா. செத்தானே, அப்படியானால் நடந்திருக்கும் என்று மனசு குதித்தது. உடனே என்மேலேயே அருவருப்பாகிவிட்டது. கிளாரியிடம் இதைச் சொல்ல முடியாது. உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

நெவில்


கார்விக்
28 ஆகஸ்ட் 1978

நெவிலுக்கு,

கடிதத்தைக் கூடத்துக்குள்ளேயே, பில்பி கூட்டின் மங்கல் விளக்கில் பிடித்து நின்றபடி படித்தேன். முதல் வரியிலேயே கத்திவிட்டேன். கண்ணாடி முன்னால் ஒரு குடும்பம் நின்றிருந்தது. அந்த அம்மாள் திடுக்கிட்டு, "என்னங்க, என்னாச்சு?" என்றாள். "செத்துட்டான்! எங்க பையன் செத்துட்டான்!" என்றேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னேன். அவள் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, இருட்டில் தூணில் முட்டிக்கொண்டு ஓடினாள். மிச்சக் கடிதத்தைப் பின்னறையில் பூட்டிக்கொண்டு படித்தேன். அப்புறம் அங்கேயே வெகுநேரம் அழுதேன். ஆகையால் நீ அருவருப்புப் படாதே. நான் உனக்கு முன்னாலேயே, ஒரு மாதமாக, அவன் சாவுக்கு வேண்டிக்கொண்டிருந்தவள்.

அந்த அம்மாள் நேரே போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். பெங்கெல்லி கூப்பிட்டார். எட்டுக் குட்டி என்று சொன்னேன். மனிதர் எழுந்து வந்து கை கொடுத்தார். "எட்டா! சபாஷ்! கோடை லீவுக்கு அதுல நாலு கண்ணாடிக்குள்ள வந்துடணும். நாளைக்கே எழுதிப் போடுங்க" என்றார்.

"ஒண்ணும் வராது சார்" என்றேன்.

"அப்ப கூடத்தை மூடவேண்டியதுதான்" என்றார்.

"மூடிக்குங்க" என்றேன். ராணி பிறந்தநாளுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது. பன்னிரண்டு வருஷ வேலை எனக்கு.

வளர்ந்ததும் எட்டையும் அங்கேயே காட்டில் விட்டுவிடு, நெவில். ஒன்றைக்கூட எனக்கு அனுப்பாதே.

ஐல்சா